காத்தாடியும் அகலக்காலும்

கோவில்பட்டி தாண்டி கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போனால் வரிசையாகக் காத்தாடிகள் தெரியும். காற்றாலை என்று எழுதுவோம், வாயில் வருவது காத்தாடிதான். போன மாதம் கூட வந்த தங்கை மகன் அதைக் காட்டி, "மாமா, இனிமே கரண்டு கம்பெனி ஷேர்தான். உங்க ரிட்டயர்மென்ட் பணத்தில கொஞ்சம் போடுங்க" என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

சுஸ்லானை எடுத்துக்கொள்ளுங்கள். துல்சி தந்தி குஜராத்தில் ஜவுளித் தொழில் செய்தவர். கரண்டு பில் லாபத்தைத் தின்றதால் இரண்டு காற்றாலை வாங்கினார். 1995-இல் காற்றாலை செய்யும் தொழிலையே தொடங்கிவிட்டார். 2005-இல் பங்குச் சந்தைக்கு வந்தார். 2006-இல் கியர் பெட்டி செய்யும் பெல்ஜியம் கம்பெனி ஹான்சனை வாங்கினார். மறு வருடமே ஜெர்மனியின் ரீபவரைப் பிடித்தார். இதற்கெல்லாம் பெரிய அளவில் கடன் வாங்கினார்.

2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. காற்றாலை வாங்குகிறவர்களும் வங்கிக் கடனை நம்பித்தான் வாங்குவார்கள். கடன் கிடைக்காததால் ஆர்டர் குறைந்தது. சுஸ்லான் டாலரில் கடன் பத்திரமும் விற்றிருந்தது. பங்கு விலை ஏறினால் பத்திரக்காரர்கள் பங்காக மாற்றிக்கொள்வார்கள். ஏறாவிட்டால் டாலராகத் திருப்ப வேண்டும். விலை ஏறவில்லை. 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கு மேல் கட்ட முடியாமல் தவணை தவறியது. வாங்கிய ஜெர்மன் கம்பெனியை 2015-இல் 100 கோடி யூரோவுக்கு விற்க வேண்டி வந்தது.

இத்தனை நடந்தபோதும் காற்று நிற்கவில்லை. சரக்குக்கு உலகத்தில் தேவையும் போகவில்லை. தவறு அகலக்கால் வைத்ததில்.

இது ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்குப் புதிதல்ல. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். வருடம் முழுக்கச் செய்த சரக்குக்குத் தீபாவளியை ஒட்டித்தான் பணம் வரும். டெல்லியில் ஒரு தடை வந்தால் சரக்கு குடோனிலேயே கிடக்கும். ஆனால் வட்டி குடோனில் கிடக்காது, வீட்டுக்கு வந்துவிடும். சொந்தப் பணத்தில் அளவாகச் செய்தவன் அடுத்த தீபாவளிவரை தாங்குவான்.

சுஸ்லான் அழியவில்லை என்பதும் உண்மை. 2023-இல் புதிய பங்குகள் விற்று 2,000 கோடி ரூபாய் திரட்டிக் கடனை அடைத்தது. ஆனால் 2008-க்கும் அதற்கும் இடையே 15 வருடம். இளைஞனால் காத்திருக்க முடியும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது ஏது?

அதனால் யாராவது வளர்ச்சிக் கணக்கைக் காட்டினால், கடன் எவ்வளவு, எந்த நாட்டுப் பணத்தில், எப்போது கட்ட வேண்டும் என்று கேளுங்கள். மருமகனிடம் கேட்டேன். "பார்த்துச் சொல்றேன் மாமா" என்றான். இன்னும் சொல்லவில்லை. பணம் போஸ்ட் ஆபீசிலேயே இருக்கிறது.