ஓர் அணி போதும்



பள்ளி விடுமுறை தொடங்கியதும் இல்லங்கள்தோறும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கே போவது என்பது ஒன்று. எதை உடுத்திக்கொண்டு போவது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்குப் பிள்ளைகளே விடை கூறிவிடுகின்றனர்: கேளிக்கைப் பூங்கா! இரண்டாம் கேள்வியில்தான் தாய்மாரின் உறக்கமும் தந்தையரின் பணப்பையும் கரைகின்றன. உடையைப் பற்றிக் குருவானவர் எழுதுவதா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். ஒரு குடும்பத்தின் நிம்மதியைத் தொடுகின்ற எதுவும் இப்பகுதிக்குப் புறம்பானதன்று என்பதே நம் விடை.

தமிழில் 'அணி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நகையும் அணி, வரிசையும் அணி, செய்யுளின் அழகும் அணி. தண்டியலங்காரம் கூறும் அணிகளுள் தீவகம் என்பது ஒன்று. தீவகமாவது விளக்கு. ஓரிடத்தில் ஏற்றிய விளக்கு அறை முழுவதற்கும் ஒளி தருவதுபோல, செய்யுளில் ஓரிடத்து நின்ற சொல் பலவிடத்தும் சென்று பொருள் தரும். அச்சொல் முதலிலும் நிற்கலாம்; இடையிலும் நிற்கலாம்; கடையிலும் நிற்கலாம். உடைக்கும் இதுவே இலக்கணம் எனலாம். கண்ணைக் கவரும் பொருள் ஒன்று போதும். அது தலையில் ரிப்பனாகவோ, இடையில் பெல்ட்டாகவோ, காலில் செருப்பாகவோ இருக்கட்டும். ஏனையவை அதன் ஒளியில் அடங்கி நிற்கட்டும். மூன்று விளக்குகளை ஒரே முகத்தருகே பிடித்தால் முகம் தெரியாது, கண்தான் கூசும்.

இவ்வுண்மையைப் பூங்காவுக்குச் செல்வோர் நன்கு உணர்ந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அனகைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்தே அது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'மிக்கி மவுஸ் கிளப்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஓவியர் ராய் வில்லியம்ஸ் அமைத்த, இரு வட்டக் காதுகள் கொண்ட கருந்தொப்பி அப்பூங்காவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஆயினும், 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கதைமாந்தரின் முழு வேடம் புனைந்து வருவது அங்கே பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. வேடமணிந்த பணியாளர் யார், வந்தவர் யார் என்று குழந்தைகள் மயங்கக்கூடும் அல்லவா?

இத்தடையே நயமான ஒரு வழக்கத்துக்கு வழிகோலிற்று. 2011-இல் லெஸ்லி கே என்னும் இளம்பெண் இணையத்தின் வாயிலாக அதனைப் பரப்பினார். வேடம் வேண்டா, நாம் உடுத்தும் ஆடைகளிலேயே கதைமாந்தரின் நிறங்கள் தோன்றினால் போதும் என்பதே அவ்வழக்கம். 1937-இல் வெளிவந்த திரைப்படத்தின் ஸ்னோ ஒயிட்டை நினைத்துப் பாருங்கள்: நீல மேற்சட்டை, மஞ்சள் பாவாடை, கூந்தலில் சிவப்பு ரிப்பன். நீலச் சட்டையும் மஞ்சள் பாவாடையும் மட்டும் அணிந்தவள் யாரோ ஒருத்தி. அந்தச் சிவப்பு ரிப்பனைத் தலையில் கட்டியதும், சிறு குழந்தையும் அவளை ஸ்னோ ஒயிட் என்று இனங்கண்டுகொள்ளும். ஒரு முழம் ரிப்பன் முழு உடைக்கும் பொருள் தந்துவிடுகிறது. இதுவன்றோ தீவகம்!

இதிலிருந்து நம் இல்லத்தரசியர் கற்றுக்கொள்ளத்தக்கது யாது? முதலில் அணியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன்பின் ஆடையை நோக்குங்கள். ஆடையை வாங்கிவிட்டு, அதற்குப் பொருத்தம் தேடிக் கடை கடையாக ஏறுவதனாலேயே செலவு பெருகுகிறது. அணி பல வண்ணப் பூக்கள் கொண்டதாயின், அப்பூக்களுள் ஒன்றன் நிறத்தில் வெறும் ஆடை போதும். அணி ஒரே நிறமாயின், அதற்கு எதிர்நிறம் எடுப்பாக இருக்கும்: மஞ்சளுக்கு ஊதா, நீலத்துக்கு ஆரஞ்சு. இதனை நம் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் காஞ்சிபுரத்தார் நெய்யும் கோர்வைப் புடவையை அவர்கள் காலங்காலமாக உடுத்தி வந்தவர்களே! மேலும், குடும்பத்தார் அனைவரும் சீருடை அணிந்தாற்போல் நிற்க வேண்டியதில்லை. மகளுக்கு மஞ்சள் ரிப்பன், மகனுக்கு மஞ்சள் தொப்பி, தந்தையின் சட்டைப்பையில் மஞ்சள் கைக்குட்டை, பாட்டிக்குப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் கரைப் புடவை. அவ்வொரு நிறமே அவர்களை ஒன்றாகக் கோத்துவிடும். கூட்டத்தில் பிள்ளை கைநழுவிப் போனாலும் தேடுவோர் கண்ணுக்கு அந்நிறம் விரைவில் தட்டுப்படும்.

பூங்காவில் அணியும் பொருளுக்கு வேறோர் இலக்கணமும் உண்டு. அது நொடியில் கழற்றத்தக்கதாக இருத்தல் வேண்டும். விரைந்து சுழலும் இராட்டினங்களில் தொப்பியையும் தலைப்பட்டையையும் கழற்றிப் பத்திரப்படுத்தச் சொல்லுவர். அதனை அவமதிப்பாகக் கருதலாகாது. இசடோரா டங்கன் என்னும் புகழ்பெற்ற நடனமாது 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சு நாட்டு நீஸ் நகரில் திறந்த மோட்டார் வண்டியில் ஏறிச் சென்றார். அவர் கழுத்தில் புரண்ட நீண்ட பட்டுத்துணி வண்டிச் சக்கரத்தில் சிக்கியது. அவர் உயிரும் அங்கே முடிந்தது. நம் பெண் பிள்ளைகளின் துப்பட்டாவும் அத்தகைய நீண்ட துணிதான். சக்கரம் சுழலும் இடங்களில் அதனைக் கழற்றித் தாயின் பைக்குள் வைப்பதே அறிவுடைமை. அவிழ்ந்த கூந்தலைப் பின்னிக் கொண்டையிட வேண்டும். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி ஆடை உதவாது. அது நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பல பூங்காக்களில் நைலான் போன்ற துணியாலான நீச்சல் உடையையே கேட்கின்றனர். புடவைக்கும் துப்பட்டாவுக்கும் நீருள் இடமில்லை. பொன் நகைகளோ வீட்டிலேயே இருக்கட்டும். தொலைந்த சங்கிலியைத் தேடுவதில் ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி முழுவதும் தொலைந்துவிடும்.

இனி, நம் உள்ளத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். நாமறிந்த ஓர் ஊரில் சில குடும்பங்கள் சேர்ந்து பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டன. அனைவரும் ஒரே நிறத்தில் புத்தாடை எடுப்பது என்று பேச்சாயிற்று. ஒரு குடும்பத்தார் மட்டும், பாட்டிக்கு உடல்நலமில்லை என்று கூறி விலகிக்கொண்டனர். பாட்டியோ நலமாகவே இருந்தார். மூன்று பெண் குழந்தைகளுக்கும் புத்தாடை எடுக்க அவ்வீட்டில் வகையில்லை. அதனைச் சொல்ல நாவும் எழவில்லை. "எங்களுக்கு அந்த இடமெல்லாம் பிடிக்காது, சாமி" என்று மூத்தவள் நம்மிடம் கூறியபோது அவளுக்கு வயது பதினொன்று. வறுமையை மறைக்கும் பொய்யை அவ்வளவு இளமையிலேயே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள்.

செய்தி அக்குழுவில் இருந்த மூத்த பெண்மணி ஒருவரின் காதுக்கு எட்டியது. அவர் எவரையும் சுட்டவில்லை. "வெயிலிலும் தண்ணீரிலும் பாழாவதற்குப் புதுத்துணி எதற்கு? அவரவர் இருப்பதை உடுத்தி வாருங்கள். அடையாளத்துக்கு நான் ஒன்று தருகிறேன்" என்றார். மஞ்சள் துணி சில கஜம் வாங்கி, தம் தையல் எந்திரத்தில் தலைக்கு ஒரு பட்டையாகத் தைத்து அனைவருக்கும் கொடுத்தார். சிறுமியர் தலையில் கட்டினர். சிறுவர் மணிக்கட்டில் சுற்றினர். பாட்டியின் நோயும் அன்றே நீங்கிற்று! மூன்று குழந்தைகளும் எல்லாரோடும் வண்டி ஏறினர்.

ஆகவே, தாய்மாரே, தந்தையரே, இவ்விடுமுறையில் நீங்கள் பலராகச் செல்வதாயின், உடையை முடிவு செய்யுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனை நம்முள் எளியவரும் அணியக்கூடுமா? கூடாதெனில் வேறொன்றைத் தேடுங்கள். ஒருவரேனும் வெளியே நிற்க நேருமானால் அது எத்துணை அழகியதாயினும் அணியன்று, வேலியே. ஒரு பட்டை மஞ்சள் துணி தலையில் இருந்தால் நகையாகும். எல்லார் தலையிலும் இருந்தால் வரிசையாகும். அவ்விரண்டையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. சென்று, மகிழ்ந்து, நலமே திரும்புங்கள்.