போனில் தூங்கும் 400 வெள்ளி



இது கோயில் நிர்வாகத்தின் அறிவிப்பு இல்லை. சமையற்கட்டில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் ஒரு அம்மா இருக்காங்க. ஈரறை வீட்டில் தனியா இருக்காங்க. போன மாசம் உடம்புக்கு முடியலைன்னு கேள்விப்பட்டு, பிரசாதம் கொடுக்க அவங்க வீட்டுக்குப் போனோம். பிரிட்ஜ் கதவு சரியா மூடாததால டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க. பதினைந்து வருஷத்துக்கு மேல் பழசு. மோட்டார் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. "அரசாங்கம் கொடுத்த பருவநிலைப் பற்றுச்சீட்டு என்னம்மா ஆச்சு?"ன்னு கேட்டோம். "தம்பி மகன் போன்ல எடுத்துக் கொடுத்துட்டான், அப்படியே இருக்கு"ன்னாங்க. ஏன் பயன்படுத்தலை? கடையில் பார்த்த பிரிட்ஜுக்குக் கையிலிருந்து இன்னும் 200 வெள்ளிக்கு மேல் போடணுமாம்.

அந்த 400 வெள்ளி போன்ல தூங்குது. பழைய பிரிட்ஜ் ராத்திரி பூரா முழிச்சிருக்கு. கரண்ட் பில்லை மாசாமாசம் அந்த அம்மாதான் கட்டுறாங்க.

இந்தத் திட்டம் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம். 2020-ல் ஆரம்பித்தபோது, ஓரறை, ஈரறை, மூவறை வீவக வீடுகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி என்று விரிவானது. 2025 ஏப்ரலில் வீவக வீடுகளுக்கு இன்னொரு 100 வெள்ளி சேர்ந்தது, தனியார் வீடுகளுக்கும் 400 வெள்ளி கிடைத்தது. வீட்டில் ஒரு சிங்கப்பூர்க் குடிமகனாவது இருக்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாகும் பிரிட்ஜ், ஏர்கான், எல்இடி விளக்கு, துணி துவைக்கும் இயந்திரம், குளியலறைக் குழாய் போன்றவற்றை இதை வைத்து வாங்கலாம். 2027 டிசம்பர் 31 வரை செல்லும்.

நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வரலை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று ஏர்கான் ஓடும் தரைவீட்டுக்கும் 400, வாடகை வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் 400. பெரிய வீட்டில்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது, அங்கே குறைந்தால் நாட்டுக்கே நல்லது என்பார்கள். நியாயம்தான், நாங்களும் ஒத்துக்கிறோம். ஆனால் தரைவீட்டுக்காரருக்கு அது தள்ளுபடி. மிச்சப் பணத்தை யோசிக்காமல் போட்டுவிடுவார். பாட்டிக்கோ அந்த மிச்சப் பணம்தான் மதில் சுவர். மிகப் பழைய பிரிட்ஜ் எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டில்தான் மேற்கொண்டு போடக் காசு இல்லை. முதலில் சிறிய வீடுகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. அந்த வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்பது எங்கள் கருத்து.

அரசாங்கம் செய்யும் வரை நாம் சும்மா இருக்கணுமா? அந்த அம்மாவுக்கு நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். முதலில் வாங்க மாட்டேன்னுட்டாங்க. "சாமிக்குப் போடுங்க, எனக்கு எதுக்கு"ன்னாங்க. கடைசியில் மாசம் 20 வெள்ளி திருப்பித் தர்றேன்னு சொல்லித்தான் சம்மதிச்சாங்க. புது பிரிட்ஜ் வந்தாச்சு. பழையதை அன்றைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டோம்.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. நம்மில் சிலர் சலுகையில் புதுசு வாங்கிட்டு, பழையதையும் பின்கட்டில் "தீபாவளி பலகாரத்துக்கு ஆகும்"னு ஓட விடுறோம். அப்புறம் பில் எப்படிக் குறையும்? இன்னும் சிலர், வெள்ளி கிடைக்குதேன்னு தேவைக்கு மேல் பெரிசா வாங்குறாங்க. கடையில் டிக் குறி ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்க. வருஷத்துக்கு எவ்வளவு மின்சாரச் செலவு என்று அதிலேயே போட்டிருக்கும். விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்க.

சாமி மேடையிலும் ஒரு கணக்கு இருக்கு. நம்ம பல வீடுகளில் இரவு பகலாக ஒரு சிவப்பு பல்பு எரியும். அது பழைய 15 வாட் பல்பாக இருந்தால் வருஷத்துக்கு 131 யூனிட். யூனிட்டுக்கு 30 காசுன்னு வெச்சுக்கிட்டா, ஏறக்குறைய 39 வெள்ளி. 2 வாட் எல்இடி போட்டால் 5 வெள்ளி சொச்சம். அம்பாளுக்கு வெளிச்சம் ஒன்றுதான். மிச்சத்தில் ஒரு நாள் அன்னதானத்துக்கு அரிசி வாங்கிக் கொடுக்கலாம். இதுக்குப் பற்றுச்சீட்டுகூடத் தேவையில்லை.

கேட்டுக்கொள்வது இதுதான். முன்பே 300 வாங்கியவர்கள், அடுத்த 100-ஐயும் பெற்றோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்க புளோக்கில் தனியா இருக்கும் தாத்தா, பாட்டி ஒருவரையாவது போய்க் கேளுங்கள். சிங்பாஸ் தெரியாதவர்களை அருகிலுள்ள சமூக மன்றத்துக்குக் கைபிடித்துக் கூட்டிட்டுப் போங்க. கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் சொல்ல விடாதீங்க, எங்களிடமும் வேண்டாம். மேற்கொண்டு பணம் தேவைப்பட்டால், நாலு குடும்பம் சேர்ந்து கடனாகக் கொடுங்க. தானம்னு சொன்னா அவங்க வாங்க மாட்டாங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் சமையற்கட்டுப் பக்கம் வாங்க, பேசுவோம். வரும்போது பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூட்டிட்டு வாங்க.

எல்லாருக்கும் அம்பாள் அருள் கிடைக்கட்டும்.