கஜினி முகமதுவுக்குப் பயந்தா மதுரைக்கு வந்தார்கள்?

மதுரைச் சௌராஷ்டிரர்களைப் பற்றி மூன்று வரிக் கதை ஒன்று ஊரில் நிலைத்துவிட்டது. கஜினி முகமது சோமநாதர் கோயிலை இடித்தான். உயிருக்குப் பயந்த நெசவாளர்கள் தெற்கே ஓடி வந்தார்கள். திருமலை நாயக்கர் அரண்மனைக்குப் பட்டு நெய்வதற்காக அவர்களை மகாலைச் சுற்றிக் குடிவைத்தார். 2023 ஏப்ரலில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்காக மதுரையிலிருந்து குஜராத்தின் வேராவலுக்குச் சிறப்பு ரயில் போனபோதும் இந்தக் கதைதான் மேடையேறியது. பூர்விக ஊரைப் பார்க்கப் போனவர்களின் நெகிழ்ச்சியை நான் மதிக்கிறேன். கதையைத்தான் ஏற்க முடியவில்லை.

சோமநாதர் கோயில் தாக்கப்பட்டது 1026 தொடக்கத்தில். அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே, சோலங்கி அரசன் முதலாம் பீமன் காலத்தில், மொதேராவில் சூரியன் கோயில் எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் குமாரபாலன் சோமநாதர் கோயிலைப் புதிதாகக் கட்டினான். 1264இல் ஓர்முசிலிருந்து வந்த கப்பல் வணிகர் நூருத்தீன் பிரோஸ் அதே சோமநாத பட்டணத்தில் மசூதி கட்ட இடம் பெற்றார். உள்ளூர்ப் பெரியவர்கள் துணை நின்றதை சமஸ்கிருதக் கல்வெட்டும் அரபுக் கல்வெட்டும் சொல்கின்றன. மக்கள் காலிசெய்துவிட்டுப் போன தேசத்தில் இதெல்லாம் நடக்குமா? அந்தப் படையெடுப்பால் நெசவாளர் கூட்டம் தமிழகம் நோக்கிக் கிளம்பியதாகச் சொல்லும் சமகாலச் சான்று ஒன்றையும் இதுவரை யாரும் காட்டவில்லை.

நெசவாளர்கள் ஊர் மாறுவதற்குப் படையெடுப்பு தேவையுமில்லை. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. தென் குஜராத்தின் லாட நாட்டுப் பட்டு நெசவாளர்கள் அங்கே குடியேறி, 437ஐ ஒட்டி சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், 473இல் அதைப் பழுது பார்த்ததையும் அது விவரிக்கிறது. அவர்கள்தான் பட்டுநூல்காரர்கள் எனப்படும் நம் சௌராஷ்டிரர்களின் முன்னோர் என்று நான் சொல்ல வரவில்லை. கஜினி பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நல்ல அரசையும் நல்ல சந்தையையும் தேடித் தறிக்காரர்கள் கூட்டமாக நகர்ந்தார்கள் என்பது போதும்.

ஓடி வந்தவர்களின் வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்பெயின் யூதர்களைப் பார்க்கலாம். 1492இல் ஸ்பெயின் அவர்களை வெளியேற்றியது. அரச ஆணை இன்றும் இருக்கிறது. இஸ்தான்புல்லில் குடியேறியவர்களின் வாரிசுகள் நானூறு ஆண்டு கழித்தும் அந்தக் காலத்து ஸ்பானிய மொழியைத்தான் வீட்டில் பேசினார்கள். சௌராஷ்டிர மொழி காட்டும் தடம் வேறு. அடித்தளம் குஜராத்தி இனம். மேலே மராத்தி, பிறகு தெலுங்கு, கன்னடம், கடைசியில் தமிழ். ஒவ்வொரு இடத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிப் பிழைத்தவர்களின் மொழி இது. தேவகிரியையும் விஜயநகரத்தையும் தங்கிய ஊர்களாகச் சொல்லும் சமூகத்தின் சொந்த நினைவும் இதோடு ஒத்துப்போகிறது.

அடுத்தது திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை ஆண்ட அவர் நெசவாளர்களை ஆதரித்திருக்கலாம். ஆனால் மகாலை ஒட்டிய தெருக்களை அவர் தந்த குடியிருப்பு என்பது எப்படிப் பொருந்தும்? இன்று நிற்கும் மகால் பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். நெசவாளர் தெருக்களுக்கு நடுவே நிற்கும் பத்துத்தூணும் அந்த அரண்மனையின் மிச்சமே. அதாவது, அவர் காலத்தில் அந்த இடங்கள் அரண்மனை வளாகம். அது அழிந்த பிறகுதானே தெருவாகியிருக்க முடியும்? மேலும் கும்பகோணம், அய்யம்பேட்டை, சேலம், ஆரணி, பரமக்குடி எல்லாவற்றிலும் தறி போட்டது யார் அழைப்பில்? ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய வாலாஜாபேட்டையிலும் அவர்கள் குடியேறினார்கள். இஸ்லாமிய ஆட்சிக்குப் பயந்து ஓடிய கூட்டம் என்றால் நவாப் பெயரில் இருக்கும் ஊரைத் தேடிப் போவானேன்?

மதுரை நாயக்க அரசி ராணி மங்கம்மாள் காலத்துச் செய்தி இன்னும் அழுத்தமானது. பிராமணர் சடங்காகக் கருதப்பட்ட ஆவணி அவிட்டம் செய்ததற்காகச் சமூகத்தார் பதினெட்டுப் பேர் கைதானார்கள். ராணி சாஸ்திரம் அறிந்தவர்களைக் கூட்டி விசாரித்தார். தீர்ப்பு சௌராஷ்டிரர் பக்கம் வந்தது. 1705இல் தங்கள் உரிமைக்காக வாதாடி வென்றவர்களைத்தான் அகதிகள் என்கிறோம்.

ஒதுங்கி வாழும் சமூகம் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டாம். தியாகராஜரின் கீர்த்தனைகளைக் காத்த வாலாஜாபேட்டைச் சுவடிகள், அவருடைய சீடர் வேங்கடரமண பாகவதர் வழியாக வந்து மதுரைச் சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. நடனகோபால நாயகி சுவாமிகள் சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடினார். ‘மதுரை காந்தி’ என்.எம்.ஆர். சுப்பராமனும், டி.எம். சௌந்தரராஜனும், ‘காதுகள்’ எழுதி 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராமும் இந்தச் சமூகத்தார். தமிழ்நாட்டில் டி.எம்.எஸ். குரல் எட்டாத வீடு எது?

சௌராஷ்டிரம் எழுத்தில்லாத மொழி என்பதும் தவறு. 19ஆம் நூற்றாண்டிலேயே தொ.மு. ராமராய் அதன் எழுத்தில் பாடநூல்கள் அச்சிட்டார். 2008இல் அது யூனிகோடில் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் 2,47,702 பேர் இதைத் தாய்மொழி என்று பதிந்தார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே என்பது என்னை வருத்துகிறது. பள்ளிகள் நினைத்தால் இன்றைக்கே சரிசெய்யத் தொடங்கலாம்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓட்டத்தைப் பற்றி உருகும் மேடைகளிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, பெண்கள் வீட்டில் உட்கார்ந்து நூலால் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலை. இன்று கடைகளில் அதே பெயரில் விற்பதில் பெரும்பாலானவை அச்சு போட்டவை. முடிச்சுக்குக் கிடைக்கும் கூலி கட்டுப்படியாகாமல் கைகள் விலகிக்கொண்டே இருக்கின்றன. இந்தத் தலைமுறையைக் கைத்தொழிலிலிருந்து வெளியேற்றுவது யார்?