குட்டிக்குத் திப்பி போடுறது தப்பா?

கறிக்கு ஆடு கேட்டு டவுன்ல இருந்து போன் பண்றவங்க தவறாம ஒரு கேள்வி கேக்கறாங்க. "உங்க ஆடு மேய்ச்சல் ஆடுதானே? ஆலைக் கழிவு எதுவும் போடறதில்லையே?"

போடறேன். இதுல ஒளிக்க ஒண்ணும் இல்லை. ஏன் போடறேன், எதுக்குப் பயப்படறேன், ரெண்டையும் சொல்றேன்.

எங்க சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கிழங்கு வெள்ளாமை அதிகம். ஜவ்வரிசி ஆலையில கிழங்கைத் தோல் சீவி, அரைச்சு, மாவுப்பாலைப் பிரிச்சு எடுப்பாங்க. சல்லடையில நிக்கிற சக்கைதான் திப்பி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ எல்லாரும் பெருமைப்பட்டோம். அதே கிழங்கோட மாவு உங்க வீட்டுப் பாயசத்துக்குப் போகுது, சக்கை என் குட்டிக்கு வருது. தவிடு, உளுந்தம் பொட்டு, கடலைப் புண்ணாக்கு எல்லாமும் ஆலையில மிஞ்சினதுதான். எங்க தாத்தா காலத்துல இருந்து ஆடு மாடு அதைத் தின்னுதான் வளந்துச்சு. அதை யாரும் கழிவுன்னு சொன்னதில்லை.

மேய்ச்சல் மட்டும் போதாதான்னு கேப்பீங்க. ஆடு மேய்ஞ்ச காடெல்லாம் இப்ப மனைக்கல்லு நட்டுக் கிடக்கு. மாசியில இருந்து வைகாசி வரைக்கும் காய்ஞ்ச புல்லைத் தவிர ஒண்ணுமில்லை. எங்க மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அந்த ஒரு குட்டி பால் மறந்த மூணு மாசத்துல இளைச்சுப் போச்சுன்னா, அப்புறம் எவ்வளவு போட்டாலும் பழைய வளர்ச்சி திரும்பாது. அந்த வருச வருமானமே அதுலதான் இருக்கு.

அதனால திப்பி வேணும். ஆனா திப்பி மட்டும் போட்டா குட்டி தேறாது. அதுல இருக்கறது மாவுச்சத்துதான். புரதம் நூத்துக்கு ரெண்டு மூணு பங்கு தேறினாலே பெருசு. கடலைப் புண்ணாக்கு, பொட்டு, வேலிமசால், அகத்தின்னு புரதம் வேற பக்கம் இருந்து வரணும். நான் கலப்புத் தீவனத்துல திப்பி கால்பங்கு தாண்டாம பாத்துக்கறேன். ரெண்டு மாசம் ஆகாத குட்டிக்குத் தொடவே விடறதில்லை, அதுக்கு அசைபோடற வயிறு இன்னும் பழகியிருக்காது. பெரிய குட்டிக்கும் ஒரு கைப்பிடியில ஆரம்பிச்சு, நாள் கணக்குல மெதுவா ஏத்தணும். திடீர்னு மாவுச்சத்து அதிகமானா வயிறு புளிச்சுப் போகும், துள்ளுமாரியும் வரும். சாயங்காலம் நல்லா இருந்த குட்டி காலையில செத்துக் கிடக்கும், அதுவும் பட்டியிலேயே கொழுத்த குட்டியா இருக்கும். இதுக்குத் தடுப்பூசி இருக்கு. போட்டுட்டுத்தான் தீவனத்தைக் கூட்டணும்.

தவிட்டையே நம்பினாலும் ஆபத்துதான். அதுல மணிச்சத்து அதிகம், சுண்ணாம்புச்சத்து கம்மி. கெடாக்குட்டிக்கு மூத்திரத்துல கல்லு அடைக்கும்.

என் பெரிய பயம் பூசணம். ஈரத் திப்பியில முக்காப்பங்கு தண்ணிதான். 50 கிலோ மூட்டை வாங்கினா பன்னெண்டு பதிமூணு கிலோதான் சரக்கு, மிச்சத்துக்குத் தண்ணிக்கு வண்டி வாடகை கொடுக்கறோம். ரெண்டு நாள் வெயில் இல்லைன்னா கெட்டுப் போகும். பூசண நஞ்சு வேகவச்சாலும் போகாது. மண்ணும் தோலும் கலந்த திப்பின்னா இன்னும் மோசம், மரவள்ளித் தோல்ல சயனைடு அதிகம்.

பக்கத்துக் காட்டுக்காரர் போன மழைக்கு ஒரு இடைத்தரகர்கிட்ட காய்ஞ்ச திப்பின்னு வாங்கினார். மூணு குட்டி போன பிறகு மூட்டையைக் கொட்டிப் பாத்தா நடுவுல பச்சையா பூசணம். யாரைக் கேக்கறது? ஆலை தரகரைக் காட்டுது, தரகர் மழையைக் காட்டறார். மூட்டையில பேரும் இல்லை, தேதியும் இல்லை.

என் வாதம் இதுதான். ரெண்டு ரூபா பிஸ்கட் பொட்டலத்துல தேதி போட முடியுதுன்னா, திப்பி மூட்டையில ஏன் போட முடியாது? எந்த ஆலை, எப்ப காயவச்சது, ஈரம் எவ்வளவு, தோல் கலந்ததா இல்லையா, இந்த நாலு வரி போதும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கு. பத்து ஆடு வச்சிருக்கறவன் மூட்டை மூட்டையா அங்க தூக்கிட்டுப் போக முடியாது. ஆலையே ஒவ்வொரு சரக்குக்கும் பரிசோதனை பண்ணி விக்கணும். முன்னாடி திப்பி ஆலைக்குப் பாரமா இருந்துச்சு, இப்ப அதுக்கும் விலை சொல்றாங்க. விலை வாங்கினா பொறுப்பும் வாங்கணும்.

டவுன்ல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலைத் தீவனம் போட்ட ஆடான்னு கேக்கறதை விட, என்ன போட்டீங்க, எப்படி வச்சிருந்தீங்க, தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரிஞ்சவன்கிட்ட வாங்குங்க. கேக்க ஆள் இருந்தா நாங்களும் ஆலைக்காரங்களைத் தைரியமா கேப்போம்.