முதலில் நாட்காட்டி, பிறகு வரைபடம்

சீனாவுக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால் போதும், எல்லோரிடமும் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. பெய்ஜிங்கில் பெருஞ்சுவர், சியானில் சுடுமண் வீரர்கள், ஷாங்காயில் வானளாவிய கட்டடங்கள், குய்லினில் கூம்பு மலைகள், லாசாவில் பொத்தாலா அரண்மனை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. இந்தியாவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புள்ள நாட்டின் வரைபடத்தில் புள்ளிகளை வைத்துவிட்டோம். கோலம்தான் வரவில்லை.

இப்போதெல்லாம் சீனப் பயணத்துக்கு யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த மாதம் போகிறீர்கள்?" என்பதைத்தான். அதற்குப் பதில் வந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாக அடிபட்டுப் போகும்.

ஜனவரியில் வடகிழக்கே ஹார்பினில், உறைந்துபோன ஆற்றிலிருந்து பனிக்கட்டிகளை அறுத்தெடுத்து மாளிகைகள் கட்டி விழா எடுக்கிறார்கள். இரவில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். அதே நாளில் தெற்கே ஹைனான் தீவின் சான்யா கடற்கரையில் மக்கள் நீந்திக்கொண்டிருப்பார்கள். ஜூனில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் நசநசவென்று விடாத மழை. ஜூலை, ஆகஸ்டில் சோங்சிங்கும் வூஹானும் கொதிக்கும்; தென்கிழக்குக் கரைக்கு அதுவே புயல் காலம்.

வானிலையைவிடப் பயப்பட வேண்டியது விடுமுறை. அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டி நாடே ஒரு வாரம் ஊர் சுற்றக் கிளம்புகிறது. சந்திரப் புத்தாண்டிலும் மே தின விடுமுறையிலும் இதே கதை. ரயில் முன்பதிவு பொதுவாக 15 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். இந்தச் சமயங்களில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். பெருஞ்சுவரில் மனிதத் தலைகளுக்கு நடுவே சுவரைத் தேட வேண்டியிருக்கும்.

ஏப்ரலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையிலும் நல்ல காலம். எங்களுக்கு விடுப்பு கிடைப்பது நவம்பரில். அப்போது பெய்ஜிங் இரவுகள் உறைநிலையைத் தொடத் தொடங்கிவிடும். லாசாவிலும் குளிர்தான், போதாததற்குத் திபெத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், அதையும் பயண முகவர் மூலம்தான் வாங்க முடியும். தென்கிழக்குக் கரையிலோ புயல் ஓய்ந்து, ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு நடக்கலாம். ஆக, ஃபூஜியன் மாகாணம் என்று முடிவுசெய்தது நாங்கள் அல்ல, நவம்பர்.

தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறிய மாகாணம் அது. சுவான்சோ என்ற துறைமுக நகரம் அங்கேதான் இருக்கிறது. மார்கோ போலோ சைத்தூன் என்று எழுதிவைத்த ஊர். 1281இல் தமிழ் வணிகர்கள் அங்கே சிவனுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கோயில் இன்று இல்லை. ஆனால் காய்யுவான் என்ற பௌத்த ஆலயத்தின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம், நரசிம்மரும் கண்ணனும் செதுக்கப்பட்ட தூண்கள் நிற்கின்றன. 2021இல் யுனெஸ்கோ இந்த நகரைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பக்கத்திலேயே ஷியாமென், அதை ஒட்டிய குலாங்யூ தீவு, உள்நாட்டில் ஒரு குலமே கூடி வாழ்ந்த வட்ட வடிவ மண்கோட்டை வீடுகள், வடக்கே தேயிலைக்குப் பேர்போன வூயி மலை. விடுப்பு முழுவதையும் விழுங்க இவை போதும்.

"புல்லட் ரயில் இருக்கும்போது என்ன தூரம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு 1,318 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் கடப்பது உண்மைதான். ஆனால் பல ஊர்களில் அந்த ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அறையைக் காலிசெய்து, நிலையத்துக்குப் போய், பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுத்து, பாஸ்போர்ட்டைக் காட்டி ஏறி, இறங்கிய ஊரில் மறுபடி அறை தேடினால் பகல் போயிற்று. வேகமான ரயில் நம் ஆசையையும் வேகமாக வளர்த்துவிடுகிறது.

மற்றவை சில்லறை விஷயங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். 2025 ஜூலையில் சுற்றுலா விசா மீண்டும் கிடைக்கத் தொடங்கியது. சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். அலிபேயையோ வீசாட்டையோ ஊரிலேயே போனில் ஏற்றி, கார்டை இணைத்துவிட வேண்டும். தெருவோரத் தேநீர்க் கடையிலும் க்யூஆர் கோடுதான். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே முடக்கப்பட்டவை. நம் ஊர் சிம்மை ரோமிங்கில் வைத்தால் பொதுவாக வேலை செய்யும். சைவக்காரர்கள் பெரிய பௌத்த ஆலயங்களின் அக்கம்பக்கத்தில் தேடினால் சைவ உணவகங்கள் கிடைக்கும். பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை.

எல்லாம் சரி, என் மனைவிக்கு மட்டும் சமாதானமாகவில்லை. "பெருஞ்சுவரைப் பார்க்காமல் சீனா போய்வந்தேன் என்று நாலு பேரிடம் எப்படிச் சொல்வது?"

பெருஞ்சுவருக்கு ஏப்ரல்தான் நல்லது, மலையெல்லாம் பூத்திருக்கும் என்றேன்.

"சரி. எந்த வருஷத்து ஏப்ரல்?"