நடுக்கம் மட்டுமா நோய்?

(இளங்கலை விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி)

கை நடுங்கினால் காண்பவர்க்கெல்லாம் தெரியும். அறிவு தடுமாறினால் யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் தாத்தா.

பாளையங்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் சென்று பல்லாண்டுகள் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். கை நடுங்கத் தொடங்கியதும், 'பார்க்கின்சன் நோய்' என்று கூறி மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நடுக்கம் தணிந்தது. நாங்களும் நிம்மதி அடைந்தோம்.

சில ஆண்டுகள் சென்றன. தாத்தா காப்பியைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். நாற்காலியின் ஓரத்தில் அமர்ந்து சரிந்தார். வாசற்படியில் கால் வைக்கத் தயங்கி, அடித்து வைத்த முளைபோல் நின்றார். "கண்ணு தெரியலையா? பாத்து வரப்படாதா?" என்று ஆச்சி கடிந்துகொண்டார். நானும் கடிந்தேன். மூக்குக்கண்ணாடியை மாற்றினோம், பயனில்லை. குறை கண்ணில் இல்லை. கண் கண்டதைக் கணக்கிடும் மூளையில் இருந்தது.

1817-இல் இந்நோயைப் பற்றி எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவும் புலன்களும் பழுதுபடுவதில்லை என்றே கருதினார். அது முழு உண்மையன்று என்பதை இன்று அறிவோம். மூளையில் டோப்பமின் குறைவதால் உடல் அசைவு தளர்கிறது. நாளடைவில் அசெட்டைல்கோலின் போன்ற பிற பொருள்களும் குறைகின்றன. அப்போது தொலைவு, சாய்வு, இடைவெளி ஆகியவற்றை மதிப்பிடும் திறன் மங்குகிறது. கடிகார முகத்தை வரையச் சொன்னால் எண்கள் ஒரே பக்கம் குவிந்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடந்த நெடுங்கால ஆய்வில், நோயுடன் 20 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுள் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அறிவுத்திறன் குன்றியிருந்தது.

இந்நோய்க்கான மருந்தின் வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. நம் சித்த மருத்துவம் அறிந்த பூனைக்காலி விதையிலிருந்து 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் அறிஞர்கள் லெவோடோப்பாவைப் பிரித்தெடுத்தனர். இன்றைய மாத்திரையின் உயிர்நாடியும் அதுவே. ஆனால் அது கைகால்களை இயக்குமளவுக்கு இந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பதில்லை. அளவு மீறினால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தோன்றவும் கூடும். ஆகவே விதையைத் தாமே வாங்கி உண்பது ஆபத்து.

"வயதானால் அப்படித்தான்" என்பார்கள் சிலர். அந்த ஒரு சொல்லால்தான் எத்தனை பெரியவர்கள் பிடிவாதக்காரர் என்றும் கவனமற்றவர் என்றும் பெயர் எடுக்கிறார்கள்! நோய் ஒரு துன்பம். நம் ஏச்சு மற்றொரு துன்பம். முன்னதை முற்றிலும் நீக்க இயலாது. பின்னதை இன்றே நீக்கலாமே!

மருத்துவக் கல்லூரியும் சித்த மருத்துவக் கல்லூரியும் அமைந்த ஊர் நம் பாளையங்கோட்டை. அங்குள்ள வல்லுநர்களை நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்கு அழைப்போம். நடுக்கவாதம் உள்ளவரின் வீட்டாரிடம், "படியில் தயங்குகிறாரா? பாத்திரத்தின் விளிம்பு தவறுகிறதா?" என்றும் கேட்போம். 'ஆம்' என்றால் மருத்துவரிடம் அனுப்புவோம். அறிவுத் தளர்ச்சிக்கும் ஓரளவு உதவும் மருந்துகள் இன்று உள்ளன.

மருத்துவர் விளக்கிய பின், எங்கள் வாசற்படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டினேன். தாத்தா அதைப் பார்த்துப் பார்த்துக் கால் எடுத்து வைத்தார். இன்று தாத்தா இல்லை, கோடு இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம், ஒரு டப்பா வண்ணத்தால் முடிந்த காரியத்துக்கு ஓராண்டு அவரை ஏசினோமே என்று நெஞ்சு சுடுகிறது.