நிறைகோலை எப்படி நிறுப்பது?

எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார் 22 ஆண்டுகளாக ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர். கொஞ்ச நாட்களாக இரவு பத்து மணிக்கு மேலும் அவர் வீட்டில் விளக்கு எரிகிறது. பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை, அவரே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்! கல்லூரியில் படிக்கும் மகன் மேசையின் ஒரு முனையில், அம்மா மறுமுனையில்.

1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் காரணம். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களுக்கு, முன்பே பணியில் சேர்ந்தவர்களானாலும், 'டெட்' எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்றது அத்தீர்ப்பு. ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும். தவறினால் வேலை போகும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தேறாமலே தொடரலாம். பதவி உயர்வு மட்டும் கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைப் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. வழக்குகள் மகாராஷ்டிரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்றவை. நம் சங்க அன்பர்களில் எத்தனையோ வீடுகளில் ஓர் ஆசிரியை இருக்கிறார். ஆகவே இது நம் வீட்டு விஷயமும்கூட.

ஆசிரியருக்குத் தகுதி பார்க்கலாமா என்று நான் கேட்கவில்லை. கட்டாயம் பார்க்க வேண்டும். கணக்குத் தெரியாதவரிடம் கணக்குப் படிக்கும் குழந்தைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது. என் கேள்வி வேறு. 22 ஆண்டு அனுபவத்தை எந்தக் கோலால் நிறுப்பது?

டெட் என்பது வாசற்படித் தேர்வு. மத்திய அரசின் சிடெட் தேர்வில் 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 90 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. புதிதாக வருபவரைச் சலித்தெடுக்க இது போதும். ஆனால் பின்னத்தைக் கண்டு மிரளும் பையனை அந்த அம்மையார் எப்படித் தேற்றி வழிக்குக் கொண்டு வருகிறார் என்பதை எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கிக் காட்டுவது? இன்னொரு விந்தையும் உண்டு. 2021 முதல் டெட் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். இருபத்தைந்து வயதில் தேறியவர் அதன்பின் ஒரு வரிகூடப் படிக்காவிட்டாலும் தகுதியுள்ளவரே!

அனுபவசாலிகளுக்கென்று தனி அளவுகோல் வேண்டும் என்பதை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஒப்புக்கொள்கிறது. ஆசிரியரின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தொழில் தரம் வகுக்க வேண்டும். ஊதிய உயர்வும் பதவி உயர்வும் வெறும் பணிமூப்பினால் வரக்கூடாது என்கிறது. ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியும் சொல்லப்பட்டிருக்கிறது. கருத்து நல்லதே. ஆனால் மதிப்பிடப் போவது யார்? தலைமையாசிரியரின் தயவா, நிர்வாகியின் உறவா? இதற்கு நேர்மையான பதில் இல்லாவிட்டால், குறைகள் இருந்தாலும் பணிமூப்பே மேல் என்பார்கள் ஆசிரியர்கள். அதில் தவறும் இல்லை.

அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய தேசிய வாரியம் ஒரு வழி காட்டுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர் தாமே விரும்பி விண்ணப்பிக்கிறார். பாட அறிவுக்குத் தேர்வு உண்டு. அதோடு, தாம் பாடம் நடத்துவதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். மாணவர் எழுதியதைக் காட்டி, எங்கே தடுமாறினார்கள், தாம் என்ன மாற்றினோம் என்று விளக்க வேண்டும். மதிப்பிடுபவர்களும் ஆசிரியர்களே. நம் நாட்டில் இதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் வகுப்பறைக்குள் போய்ப் பார்க்கும் அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கு இது புதிதும் அல்ல. நல்லாசிரியருக்கு இலக்கணம் வகுத்த நன்னூல், அவரை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டது. ஆசிரியராகத் தகாதவர் யார் என்றும் கூறத் தயங்கவில்லை. பொறுமையும் நடுநிலையும் தெளிவும் பாட அறிவோடு சேர்ந்தே எடைபோடப்பட்டன.

ஆகவே நான் கேட்பது மூன்று. பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் வகுப்பறையும் மாணவர் நோட்டும் சரிபாதி இடம் பெறட்டும். பார்வையிட வருபவர் அதே பாடத்தைக் கற்பித்த வெளிப்பள்ளி ஆசிரியராக, அந்த வகுப்பின் பயிற்றுமொழி அறிந்தவராக இருக்கட்டும். முதல் முறை குறை கண்டால், எதைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்து ஓராண்டு அவகாசம் தரட்டும்.

அதுவரை இருக்கிற தேர்வை எழுதித்தான் ஆகவேண்டும். சங்கக் கட்டிடம் வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால், நம் ஆசிரியைகள் சேர்ந்து படிப்பார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் வந்து கைகொடுக்கலாம். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கு நாம் ஒரு விளக்காவது ஏற்றி வைக்கக்கூடாதா?